ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதா?



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியைக் கேளாத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். தலை பின்ன மறுத்தால் பாட்டி சொல்வார். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அத்தை சொல்வார். காலையில் எழத் தாமதமானால் வீட்டிலுள்ள எல்லோருமே சொல்வார்கள். நாங்களும் அதை வேதவாக்காகவே எண்ணியிருந்தோம். ஆனால் இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஐவர் சேர்ந்து ஒரு வில் செய்தோம். அந்த வில்லைச் செய்து முடித்த நாள்முதல் இப்பழமொழியின்மீது எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கை உங்கள்முன் வைத்துத் தீர்ப்புக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில் ஏன்?

"செய்வதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை? பெண் பிள்ளைகளுக்கு வில் எதற்கு?" என்று எங்களைக் கேட்டவர்கள் பலர். சேலத்துச் சமவெளியிலும் நாமக்கல் சமவெளியிலும் பிறந்தவர்களுக்கு வில் அயலான பொருளன்று. நாமக்கல்லிலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரிகின்றதே கொல்லிமலை, அதை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, முடிவில் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றதாக வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் 152ஆம் பாடலில் பாடியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாட்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் அரசே வல்வில் ஓரி விழா எடுக்கின்றது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே செல்கின்றனர். மலைப்பாதையே வளைந்து வளைந்துதான் மேலே ஏறுகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

அந்தப் பாடலைத் தமிழ் வகுப்பில் படித்தபோது எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஓரியின் பெயர் நிலைத்துவிட்டது. பாடிய புலவரின் பெயரும் நிலைத்துவிட்டது. அம்பு பட்டு வீழ்ந்த உடும்புக்குக்கூடப் பாட்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அந்த வில்லைச் செய்தவர் யார்? அவர் பெயர் பாட்டில் இல்லை. என்ன மரம், எத்தனை நாள் உலர்த்தினார், எப்படி வளைத்தார் என்பதும் இல்லை. வில்லை வணங்கும் நாம் வில் செய்யும் கையை மறந்தோம். இந்த எண்ணமே எங்களை வில்லில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேட்டையாடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துள்ளது. எங்கள் அம்பின் நுனியில் தக்கைதான் இருந்தது. எங்கள் இலக்கு வைக்கோல் அடைத்த சாக்கு.

முதல் வில் முறிந்த கதை

எங்கள் குழுவில் ஒருத்தி எங்களைவிட மூன்று வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஒரு நூற்பாலையில் மூன்றாண்டுகள் வேலை செய்துவிட்டு, மறுபடியும் பள்ளியில் சேர்ந்தவள். நாங்கள் அவளை அக்கா என்றுதான் அழைப்போம். அவள் மீண்டும் சேர்ந்த அன்று உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே நம் பழமொழியைத்தான் சொன்னாராம். "இனிமே இது எங்கே படிக்கப்போகுது? ஐந்தில் வளையாதது..." என்று பாதியில் நிறுத்தினாராம். மீதியை எல்லோரும் மனத்துக்குள் முடித்துக்கொண்டார்கள்.

முதல் வில்லுக்கு நாங்கள் எடுத்தது விறகுக் கட்டில் கிடந்த மல்பெரிக் கொம்பு. பட்டுப்புழு வளர்ப்போர் தோட்டத்தில் இலை பறித்தபின் வெட்டிப் போடுவது அது. நன்றாக உலர்ந்து நேராக இருந்தது. இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு முழங்காலில் வைத்து அழுத்தினோம். 'படார்' என்ற ஓசையோடு இரண்டாக முறிந்தது. பழமொழிதான் வென்றது என்று எண்ணினோம்.

எங்களுள் ஒருத்தியின் தாத்தா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்தவர். நாமக்கல் லாரி பாடி இந்தியா முழுதும் பேர்பெற்றது என்பதை நாம் அறிவோம். முறிந்த கொம்பை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முறிந்த வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"பச்சையா இருந்தா வளைஞ்சிருக்குமில்லீங்க தாத்தா?" என்று கேட்டோம்.

"வளைஞ்சிருக்கும் கண்ணு. விட்ட உடனே நிமிர்ந்தும் இருக்கும். சின்னஞ்சிறு குச்சியை யாரு வேணும்னாலும் வளைப்பாங்க. வைரம் பாஞ்ச மரத்தை வளைக்கிறதுதானே தொழில்!" என்றார்.

எங்கள் வழக்கின் முதல் சாட்சி இந்தச் சொல்தான்.

சற்று எண்ணிப் பாருங்கள். இளமூங்கில் எப்படி வேண்டுமானாலும் வளையும். ஆனால் அதில் வில் செய்தால் அம்பு பாயாது. மூன்றாண்டுக்குக் குறைந்த மூங்கிலில் நார் முற்றியிருக்காது. உலர்ந்தால் சுருங்கிச் சூம்பிவிடும். வில்லுக்கு வேண்டியது முற்றிய மூங்கில், முற்றிய மரம். அதாவது, ஐந்தில் எளிதாக வளைவது வில்லாகாது. வில்லாகத் தக்கது எளிதாக வளையாது. பழமொழி சொல்லாமல் விட்ட பாதி இதுவே.

ஆவியின் வலிமை

அப்படியானால் முற்றிய மரத்தை எப்படி வளைப்பது? தாத்தா எங்களிடம் கேட்ட முதல் பொருள் நெல் அவிக்கும் அண்டா!

மரம் என்பது நார்களின் கட்டு. செல்லுலோஸ் என்னும் நார்களை லிக்னின் என்னும் பொருள் பசைபோல் பிணைத்து வைத்திருக்கிறது. குளிர்ந்த நிலையில் அப்பசை கல்போல் இறுகியிருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து தாக்கினால் அது இளகும். அப்போது நார்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நகர்ந்து இடங்கொடுக்கும். ஆறினால் புதிய இடத்திலேயே மறுபடியும் இறுகிவிடும். நார் அறுபடவில்லை, மரமும் முறியவில்லை, வடிவம் மட்டும் மாறிவிட்டது. கொதிநீரின் ஆவிக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்ட வேண்டும் என்பது உலகெங்கும் தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதற்குச் சூளையில் சுட்டு உலர்த்திய மரம் உதவாது. உள்ளே சிறிது ஈரம் எஞ்சியிருக்கும்படி நிழலில் ஆற உலர்த்திய மரமே ஏற்றது.

வளைந்த வடிவத்தை வாளால் அறுத்தே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். மாட்டு வண்டிச் சக்கரத்தின் வட்டையை அப்படித்தான் அறுத்து எடுப்பார்களாம். ஆனால் அறுக்கும்போது நார்கள் குறுக்கே வெட்டுப்படுகின்றன. சக்கரத்துக்கு அது போதும். ஏனெனில், காய்ச்சிய இரும்புப் பட்டை ஆறிச் சுருங்கி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வில்லுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. நார் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். வெட்டிச் சரிசெய்வதற்கும் இளக்கிச் சரிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

முற்றிய மல்பெரிச் செடியிலிருந்து புதிய கொம்பு ஒன்றை வெட்டி, சில வாரங்கள் நிழலில் போட்டு, ஓர் அங்குலக் கனத்தில் செதுக்கினோம். அண்டாவில் நீர் கொதித்தது. அதன் வாயிலிருந்து ஒரு தகரக் குழாய். குழாய்க்குள் எங்கள் கொம்பு. குழாயின் வாயை ஈரச்சாக்கால் அடைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு வெளியே எடுத்து அச்சுப் பலகையில் வைத்து வளைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். ஆறிவிட்டால் மரம் கேட்காது.

வளைந்தது! நாங்கள் கைதட்டினோம். கைதட்டல் ஓயுமுன்னே வளைவின் வெளிப்புறத்தில் ஒரு சிம்பு 'விர்'ரென்று கிளம்பி நின்றது. இரண்டாம் வில்லும் போயிற்று.

முதுகுக்கு ஒரு பட்டை

இரண்டாம் வில் கற்பித்த பாடம் முதலாவதைவிடப் பெரிது. ஒரு கொம்பை வளைக்கும்போது உட்புறம் நெருக்கப்படுகிறது. வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. ஆவியில் இளகிய நல்ல மரம் நெருக்கத்தை எவ்வளவோ தாங்கும். தன் நீளத்தில் நான்கில் ஒரு பங்குவரைகூட உட்புறம் ஒடுங்கிக் கொடுக்கும். ஆனால் இழுப்பை அதனால் தாங்க முடியாது. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு நீண்டாலே பிளந்துவிடும். ஆகவே வளைக்கும்போது வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அதன் இரு முனைகளிலும் மரம் நகராதபடி முட்டுக்கட்டை கொடுத்துவிட வேண்டும். அப்போது இழுப்பையெல்லாம் பட்டை ஏற்றுக்கொள்ளும். மரம் நெருக்கத்தை மட்டும் தாங்கினால் போதும்.

மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர் இம்முறையைக் கொண்டுதான் வியன்னாவில் வளைமர நாற்காலிகளைச் செய்து உலகப் புகழ் பெற்றார். 1859ஆம் ஆண்டில் அவர் செய்த 14ஆம் எண் நாற்காலி பிற்காலத்தில் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. அவ்வளவு தொலைவு போவானேன்? ஹாக்கி மட்டையை நினைத்துப் பாருங்கள். 1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஜலந்தரில் விளையாட்டுப் பொருள் தொழிலை வளர்த்தனர். அங்கே மட்டையின் அடிப்பகுதியை ஆவியில் இளக்கித்தான் வளைத்தார்கள். அதற்கு ஏற்ற மரம் எது தெரியுமா? எங்கள் விறகுக் கட்டில் கிடந்த அதே மல்பெரி! இக்காலத்தில் ஹாக்கி மட்டைகள் பெரும்பாலும் செயற்கை இழைகளால் ஆனவை. ஆயினும் நம் நாட்டு ஹாக்கி வீரர்கள் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற காலமெல்லாம் மர மட்டையின் காலமே.

மூன்றாம் கொம்புக்குப் பெட்டி கட்டும் இரும்புப் பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை வைத்து வளைத்தோம். அக்காதான் ஒரு முனையைப் பிடித்தாள். நூற்பாலையில் வேலை செய்த கை அல்லவா, நடுங்கவில்லை. ஒரு சிம்புகூடக் கிளம்பவில்லை. தேங்காய் நார்க் கயிற்றால் அச்சோடு சேர்த்துக் கட்டி, ஆப்பு அடித்து, பத்து நாள் நிழலில் வைத்தோம். அவிழ்த்தபோது வளைவில் சிறிது நிமிர்ந்தது. அது நிமிரும் என்று தெரிந்தே தாத்தா முன்கூட்டிச் சற்று அதிகமாக வளைக்கச் சொல்லியிருந்தார்.

அன்று மாலை அக்கா சொன்ன ஒரு சொல்லை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. "நான் திரும்பிப் பள்ளிக்கு வந்தப்போ, முதல் மாசம் பக்கத்தில் உக்காந்து நோட்டுக் காட்டினீங்களே, அதுதான் எனக்கு அந்தப் பட்டை" என்றாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

நெருப்பும் பொறுமையும்

வளைத்துவிட்டால் மட்டும் வில் ஆகிவிடாது. வில்லை இழுக்கும்போது எய்பவரை நோக்கிய புறம் நெருக்கப்படும். இலக்கை நோக்கிய புறம் இழுக்கப்படும். முன்னதை வயிறு என்றும் பின்னதை முதுகு என்றும் வைத்துக்கொள்வோம். மேலே ஆவியைப் பற்றிச் சொன்ன கணக்கு வேறு, இது வேறு. இளகாத, உலர்ந்த மரம் இழுப்பை நன்றாகவே தாங்கும். நெருக்கத்தைத்தான் தாங்காது. நாளடைவில் வயிற்றுப்புறம் நசுங்கி, வில் நாண் பூட்டிய வடிவிலேயே கூனிப் போய்விடும். இதைத் தடுக்க வயிற்றுப்புறத்தைத் தணலில் காட்டிப் பதப்படுத்துவார்கள். இதற்கு ஆவி உதவாது, உலர்ந்த வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் மரத்தின் ஈரத்தைப் போக்கி, அதன் தன்மையையே சிறிது மாற்றி, அதை விறைப்பாக்குகிறது. ஆனால் அளவு மீறினால் மரம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அதனால்தான் முதுகுப்புறத்தில் நெருப்புப் படவிடுவதில்லை.

கொட்டாங்குச்சித் தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் வில்லைப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தோம். வறுத்த நிலக்கடலைத் தோலின் நிறம் வந்ததும் எடுத்துவிட்டோம். அன்றே நாண் பூட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு! "பத்து நாள் பொறுங்க அம்மிணி" என்று தாத்தா சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். நாங்கள் பத்து மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. நாண் பூட்டி ஒரு முழம் இழுத்தோம். மூன்றாம் வில் மூன்று துண்டாயிற்று.

காரணம் எளியது. நெருப்பு பட்ட மரத்தில் ஈரம் மிகவும் குறைந்துவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சி, தன் நிலைக்குத் திரும்ப நாட்கள் ஆகும். அதுவரை அதை வளைக்கக் கூடாது. சுட்ட உடனே சோதிப்பவன் முறிப்பான். இந்தப் பிழை முழுவதும் எங்களுடையதே. மரத்தின்மீதும் பழியில்லை, தாத்தாவின்மீதும் பழியில்லை.

அந்த வாரம் கண்காட்சிக்குப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றுகூட எண்ணினோம். எங்கள் அறிவியல் ஆசிரியை முறிந்த துண்டுகளை எல்லாம் மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். "இவை மூன்றும் உங்கள் பாடப் புத்தகம். நான்காவதைச் செய்யுங்கள்" என்றார். செய்தோம். இம்முறை ஆவி, பட்டை, தணல் எல்லாம் முறைப்படி. அதன்பின் பன்னிரண்டு நாள் வில்லைத் தொடவில்லை. பிறகு சுவரில் மாட்டி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, எந்தக் கை விறைப்பாக இருக்கிறதோ அந்தக் கையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, இரு கைகளும் ஒன்றுபோல் வளையும்வரை ஒரு வாரம் உழைத்தோம். கண்காட்சி நாளன்று எங்கள் அம்பு முப்பதடி தூரத்துச் சாக்கில் தைக்காவிட்டாலும், சென்று முட்டி விழுந்தது. ஒரு கை இன்னும் சற்றுக் கோணல்தான். ஆயினும் பார்க்க வந்தவர்கள் நல்ல வில்லைவிட முறிந்த மூன்றைப் பற்றியே அதிகம் கேட்டார்கள்!

வழக்கின் தீர்ப்பு

இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

முதலாவதாக, 'ஐம்பதில் வளையாது' என்பது மரத்தின் குற்றத்தைச் சொல்லவில்லை. வளைக்கத் தெரியாதவரின் குறையைச் சொல்கிறது. முழங்காலில் வைத்து அழுத்தினால் எந்த முற்றிய மரமும் முறியத்தான் செய்யும். ஈரமும் வெப்பமும் நேரமும் முதுகுக்கு ஒரு துணையும் கொடுத்தால் வளையும். மனிதரும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் மாநிலத்தில் நடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறியாத தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள், மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். அவர்களுள் ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலைக் காணாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கைப்பட எழுதிய கையெழுத்து நம் பழமொழிக்குப் பதில் அல்லவா? ஆதலால், தவறிய ஒரு தோழியைப் பார்த்து இப்பழமொழியைச் சொல்லுமுன் நாம் ஒரு நொடி நிற்போம். நாம் அவளுக்கு ஆவியா, முழங்காலா என்று கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவதாக, வளைவது என்றால் அடங்கிப்போவது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். பெண்ணுக்கு அறிவுரை கூறும்போது இச்சொல் அடிக்கடி வருகிறது. 'வளைந்து கொடு' என்கிறார்கள். வில்லைக் கேளுங்கள், அது வேறு சொல்லும். வில்லின் வலிமையெல்லாம் அது மீண்டும் நிமிர விரும்புவதில்தான் இருக்கிறது. நிமிரும் விருப்பம் செத்துப்போன வில் வெறும் வளைந்த குச்சி. அதனால்தான் எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வைப்பார்கள். எந்நேரமும் பூட்டியே வைத்திருந்தால் எவ்வளவு நல்ல வில்லும் கூனிவிடும். பிள்ளைகளை எந்நேரமும் பூட்டியே வைத்திருக்கும் பெற்றோரும் ஆசிரியப் பெருமக்களும் இதனை அன்புகூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

வளைவு இழிவுமன்று. நேரான அம்பு கொடியது, வளைந்த யாழ் இனியது, ஆகவே எதையும் செயலால் மதிப்பிடுக என்பது வள்ளுவர் காட்டிய வழி. வில்லும் யாழும் ஒரே குடும்பம் என்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அதில் ஓர் ஆயன் குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கிறான். வளைத்த கொம்பு ஒருவன் கையில் உயிரை வாங்குகிறது, ஒருவன் கையில் உயிரை உருக்குகிறது.

மூன்றாவதாக ஒரு வேண்டுகோள். கைத்தொழில் பள்ளிக்குள் மீண்டும் வரவேண்டும். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வியைத்தான் நாட்டுக்குச் சொன்னார். அதற்கு முன்பே, 1925இல், நம் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்து நூற்பையும் நெசவையும் வளர்த்தார். அம்மண்ணில் இருக்கும் நாம் ஓர் உளியின் பெயரும் அறியாமல் பள்ளியை விட்டுப் போகலாமா? லிக்னினைப் பற்றி நூலில் நான்கு வரி படித்து மறந்திருக்கிறோம். அண்டாவின் ஆவியில் கண்டபின் அது எங்களுக்கு மறக்காது. மேட்டூரிலும் ஒகேனக்கலிலும் மூங்கிலைப் பிளந்து வளைத்துப் பரிசல் கட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் கூடையும் முறமும் பின்னும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களை ஆசிரியராக நம் வகுப்பறைக்கு அழைத்தால் என்ன? மூங்கிலுக்கும் இப்போது தடையில்லை. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து 2017இல் வனச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது. பள்ளி வேலியோரம் ஒரு புதர் கல்மூங்கில் வைத்தால் இன்னும் சில ஆண்டுகளில் நம் தங்கையர் வெட்டிப் பழகலாம்.

வில் பயனற்ற பழம்பொருள் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டுத் தேசிய வில்வித்தைப் போட்டிகளில் மூங்கில் வில், மர வில் கொண்டே எய்யும் 'இந்தியச் சுற்று' என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. ராஞ்சிக்கு அருகிலுள்ள ஓர் எளிய குடும்பத்தில் பிறந்த தீபிகா குமாரி மூங்கிலால் செய்த வில்லில்தான் முதலில் பழகினார். 2010இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். இரு கைகளும் இன்றிப் பிறந்த ஜம்மு-காஷ்மீரத்து ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 17. ஓரியின் மலையடியில் வாழும் நம்மிடையே அத்தகைய ஒருத்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

தோழியரே! எங்கள் நான்காம் வில் இப்போது அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நாண் கழற்றிய நிலையில் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே முறிந்த மூன்றும் இருக்கின்றன. வில்லின் அருகே ஒரு சிறு அட்டையில் அதைச் செய்ய உதவிய தாத்தாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். ஓரிக்கு வில் செய்தவருக்குக் கிடைக்காத அந்த ஒரு வரி இவருக்காவது கிடைக்கட்டும். அட்டையை எழுதியவள் அக்காதான். அவள் கையெழுத்துதான் எங்கள் ஐவரிலும் அழகு. அவள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள்.

பழமொழியை நாங்கள் அழிக்கச் சொல்லவில்லை. முன்னோர் சொல் அது, இருக்கட்டும். ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்வோம்: ஐந்தில் வளையாதது ஐம்பதிலும் வளையும், வளைக்கத் தெரிந்தவர் வளைத்தால்.

தீர்ப்பு உங்கள் கையில்.